உளுந்தை மஞ்சளாக்கும் இரட்டைக் கிருமி

நகலெடுக்கும் இடமும் சுவிட்சும் ஒன்றே! மதுரை விஞ்ஞானிகள் செய்த சோதனை

இட்லிக்கும் தோசைக்கும் உளுந்து வேண்டும். வடைக்கும் அப்பளத்துக்கும் உளுந்து வேண்டும். அந்த உளுந்துச் செடியின் பச்சை இலையை ஒரு கிருமி மஞ்சளாக்கி விடுகிறது. இலை மஞ்சளானால் காய் இல்லை. காய் இல்லாவிட்டால் விவசாயி கையில் காசு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமி எப்படிப் பெருகுகிறது? அதன் உயிர்நிலை எங்கே இருக்கிறது? அதைக் கண்டு பிடித்த விவரம் ஒரு மர்மக் கதை போன்றது.

கடைமடையின் கடைசிப் பயிர்

கோட்டுச்சேரி, காரைக்கால் வட்டாரத்தில் உள்ள ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் நெல் வயல். காவிரியின் கிளைகள் கடலில் கலக்கும் கடைமடைப் பகுதி இது.

இந்தப் பகுதியில் நெல்தான் முதல் பயிர். சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்தை வீணாக்காமல் உளுந்தும் பச்சைப் பயறும் விதைப்பது டெல்டா விவசாயிகளின் பழைய வழக்கம்.

நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே விதைத்து விடுவார்கள். நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே விதையைத் தூவுவார்கள். மண் அப்போது மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ விதை. உழவு கிடையாது. பாத்தி கட்டுவது கிடையாது. மண்ணின் ஈரமும் இரவுப் பனியும் போதும். 70, 75 நாளில் அறுவடை.

நெல்லுக்குச் செலவு அதிகம். உளுந்துக்குச் செலவு குறைவு. ஆகவே உளுந்தில் வருகிற பணம் வீட்டுக்கு நிற்கும். அடகு வைத்த நகையை மீட்பதும், பிள்ளையின் பள்ளிச் செலவைக் கட்டுவதும் பல வீடுகளில் உளுந்துப் பணத்தில்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. உளுந்தின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக மாற்றுகின்றன. அடுத்த நெல்லுக்கும் அதனால் பலன்.

இப்படிப்பட்ட பயிரில்தான் அந்த மஞ்சள் விழுகிறது.

மஞ்சள் விழுந்தால்...

முதலில் இளம் இலையில் சிறு மஞ்சள் புள்ளி தெரியும். புள்ளி பரவித் திட்டாகும். ஒரே இலையில் பச்சைத் திட்டு, மஞ்சள் திட்டு, மறுபடியும் பச்சைத் திட்டு. பிறகு வரும் கொழுந்து இலை முழுவதும் மஞ்சளாகவே வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் வயலில் யாரோ மஞ்சள் பொடி தூவியது போல் இருக்கும்.

இதற்கு “மஞ்சள் தேமல் நோய்” என்று பெயர்.

நோய் கண்ட செடியில் பூ குறையும். காய் சிறுத்து வளையும். உள்ளே மணி சுருங்கிக் கிடக்கும். பயிர் இளமையாக இருக்கும்போது நோய் தாக்கினால் முழு விளைச்சலும் போய் விடலாம்.

சிலர் இதை உரக் குறைவு என்று எண்ணி விடுவது உண்டு. உடனே உரம் வாங்கிப் போடுவார்கள். மஞ்சள் போகாது. பணம்தான் போகும்!

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நைட்ரஜன் உரம் குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும். இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். தேமல் நோயிலோ கொழுந்து இலையில்தான் முதலில் தெரியும். அதுவும் திட்டுத் திட்டாகத் தெரியும். இந்த அடையாளத்தை மனதில் வைத்துக் கொண்டால் வீண் செலவு மிச்சம்.

நோயைச் சுமந்து வரும் ஈ

நோய் தானாக வருவது இல்லை. அதைச் சுமந்து வருவது வெள்ளை ஈ.

பெயர்தான் ஈ. உண்மையில் இது சாறு உறிஞ்சும் பூச்சி. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர். இலையின் அடிப் பக்கத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து இருக்கும். செடியை அசைத்தால் வெள்ளைத் தூசி போல் பறக்கும்.

நோய்ப்பட்ட செடியில் சாறு குடிக்கும்போது கிருமி ஈயின் உடம்புக்குள் போகிறது. அந்த ஈ பறந்து நல்ல செடியில் உட்கார்ந்து ஊசி போன்ற வாயைச் செருகுகிறது. எச்சிலோடு கிருமியும் உள்ளே இறங்குகிறது. அவ்வளவுதான். நல்ல செடியும் நோய்ச் செடி ஆகி விடுகிறது.

பச்சைப் பயறில் வரும் மஞ்சள் தேமல் நோயைப் பற்றி 1960-ல் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து டி. கே. நரியாணி எழுதினார். வெள்ளை ஈ பரப்புகிற நோய் என்று அப்போதே தெரிந்தது. ஆனால் ஈ சுமந்து வரும் அந்தக் கிருமி எப்படி இருக்கும் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

ஜெமினி என்ற பெயர் ஏன்?

அந்தக் கிருமி ஒரு வைரஸ். சாதாரணப் பூதக் கண்ணாடியில் தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.

ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அதில் 30 பங்குதான் இந்த வைரஸின் நீளம். அகலம் சுமார் 20 பங்கு.

அதன் உருவம் விசித்திரமானது. இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல் இருக்கும். ஆகவே 1970-களில் இந்தக் குடும்பத்துக்கு “ஜெமினி வைரஸ்” என்று பெயர் வைத்தார்கள். ஜெமினி என்றால் இரட்டையர். ராசிகளில் மிதுனம் என்கிறோமே, அதுதான். ஜெமினி ஸ்டூடியோ படங்களின் தொடக்கத்தில் இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதுவதைப் பெரியவர்கள் பார்த்து இருப்பார்கள். அதே ஜெமினி!

வெண்டைச் செடியில் இலை நரம்பு மஞ்சளாவதும், மரவள்ளி இலையில் தேமல் விழுவதும், பருத்தி இலை சுருளுவதும் இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் வேலைதான்.

இந்த வைரஸால் மனிதர்களுக்கு நோய் வருமா? வராது. ஜெமினி வைரஸ்கள் செடிகளை மட்டும் தாக்குகிறவை. நோய் கண்ட வயலில் கிடைத்த உளுந்தைச் சமைத்துச் சாப்பிடுவதில் இந்த வைரஸால் ஆபத்து இல்லை. விவசாயிக்குத்தான் நஷ்டம்.

2,700 எழுத்தில் ஒரு வில்லன்

எல்லா உயிருக்கும் “டி. என். ஏ.” என்ற பொருள் உண்டு. அது நீண்ட நூல் போன்றது. அதில் நான்கே நான்கு எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. அவற்றை ஏ, டி, ஜி, சி என்று அழைக்கிறார்கள். இந்த நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட கட்டளைதான் உயிரை நடத்துகிறது. ஒரு வேலைக்கான கட்டளைக்கு “ஜீன்” என்று பெயர்.

மனிதனின் கட்டளைப் புத்தகத்தில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. உளுந்துச் செடிக்கும் பல கோடி எழுத்துகள் உண்டு.

மஞ்சள் தேமல் வைரஸுக்கு எத்தனை? ஒரு வளையத்தில் சுமார் 2,700 எழுத்துகள். மொத்தம் இரண்டு வளையங்கள். அவ்வளவுதான்!

ஒன்று ஏ வளையம். மற்றொன்று பி வளையம். நகலெடுக்கும் ஜீனும், மேல் உறையைச் செய்யும் ஜீனும் ஏ வளையத்தில் இருக்கின்றன. ஒரு செல்லில் இருந்து அடுத்த செல்லுக்கு நகர்வதற்கான ஜீன்கள் பி வளையத்தில் இருக்கின்றன. செடியில் நோய் பரவ இரண்டு வளையங்களும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றால் செடி முழுவதும் பரவ முடியாது.

பாட்டி சொல்லும் கதையில் ஒரு மந்திரவாதி வருவான். அவனை வெட்டினாலும் சாக மாட்டான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் இருக்கும். இந்த வைரஸுக்கும் அப்படி ஒரு கிளி உண்டு. ஏ வளையத்திலும் பி வளையத்திலும் பொதுவாக உள்ள ஒரு சிறு பகுதிதான் அது. அதில் சுமார் 200 எழுத்துகள் இருக்கும். “பொதுப் பகுதி” என்றே அதற்குப் பெயர்.

ஒரே மதகு, இரண்டு வாய்க்கால்

ஜீன் என்பது கட்டளை என்று பார்த்தோம். எல்லாக் கட்டளைகளும் எப்போதும் நடப்பது இல்லை. எது எப்போது நடக்க வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் ஒரு சுவிட்சு இருக்கிறது. விஞ்ஞானிகள் அதைப் “புரமோட்டர்” என்கிறார்கள். அந்தச் சுவிட்சுக்குள்ளும் சில சிறு குறிகள் இருக்கின்றன. டி, ஏ, டி, ஏ என்று வரும் குறி அவற்றில் ஒன்று. ஜீனைப் படிக்கும் இயந்திரம் இந்தக் குறியைப் பார்த்துத்தான் எங்கே தொடங்குவது என்று தெரிந்து கொள்கிறது.

டி. என். ஏ. பெருகுவதற்கு வேறோர் இடம் வேண்டும். நகலெடுப்பை எங்கே தொடங்குவது என்று காட்டும் இடம் அது.

பெரிய உயிர்களில் இந்த இடங்களுக்குப் பஞ்சம் இல்லை. பல கோடி எழுத்துகள் இருப்பதால் சுவிட்சுகளும் தொடக்க இடங்களும் எத்தனையோ உண்டு. இந்தச் சின்ன வைரஸில் இடம் ஏது? ஆகவே சுவிட்சும் நகலெடுப்பின் தொடக்கமும் அந்த 200 எழுத்துகளுக்குள் ஒன்றோடு ஒன்று நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்து இருக்கின்றன.

டெல்டாவில் மதகு தெரியாதவர் இல்லை. ஒரே மதகில் இருந்து இரண்டு வாய்க்கால் பிரிவதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு வாய்க்கால், ஜீனை இயக்குவது. மற்றொரு வாய்க்கால், நகலெடுப்பது. பலகையைக் கொஞ்சம் அசைத்தால் இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் மாறும். இந்த வைரஸின் அமைப்பு ஏறக்குறைய அப்படித்தான்.

கிருமி பெருகும் விதம்

வெள்ளை ஈ இறக்கி விட்ட வைரஸ், செடியின் செல்லுக்குள் நுழைகிறது. மேல் உறை கழன்று விடுகிறது. வளையம் செல்லின் நடுவிலுள்ள உட்கருவுக்குப் போகிறது.

வளையம் அப்போது ஒற்றை இழையாக இருக்கிறது. உளுந்துச் செடியின் இயந்திரம் அதைத் தன் சொந்தப் பொருள் என்று நினைத்து, எதிர் இழையைச் சேர்த்து இரட்டை இழையாக ஆக்கி விடுகிறது. திருடனுக்கு வீட்டுக்காரரே விளக்குப் பிடிப்பது போல!

இரட்டை இழை ஆனதும் சுவிட்சு வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தச் சுவிட்சு இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஒரு பக்கம் திரும்பினால் “ரெப்” என்ற புரதத்துக்கான கட்டளை. மறு பக்கம் திரும்பினால் மேல் உறைக்கான கட்டளை.

ரெப்தான் நகலெடுக்கும் வேலைக்கு மேஸ்திரி. பொதுப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு குறி இருக்கிறது. ரெப் அதைத் தேடிப் பிடித்து உட்காருகிறது. பக்கத்தில் கொண்டை ஊசி போல் வளைந்த இடம் ஒன்று உண்டு. அந்த வளைவில் ஒன்பது எழுத்துகள்: டி, ஏ, ஏ, டி, ஏ, டி, டி, ஏ, சி. உலகத்தில் உள்ள ஜெமினி வைரஸ்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே ஒன்பது எழுத்துகள்தான்!

ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில் ரெப் வெட்டுகிறது. அங்கிருந்து புது இழை வளருகிறது. பழைய இழை, நூற்கண்டில் இருந்து நூல் பிரிவது போல் பிரிந்து வருகிறது. ஒரு சுற்று முடிந்ததும் ரெப் மறுபடி வெட்டி, முனைகளை ஒட்டி, புது வளையத்தைத் தயார் செய்கிறது. பிறகு அடுத்த சுற்று. இப்படி வளையங்கள் பெருகிக் கொண்டே போகின்றன.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. முற்றிய இலையின் செல்கள் பிரிவதை நிறுத்தி விட்டவை. அங்கே டி. என். ஏ. நகலெடுக்கும் இயந்திரம் தூங்கிக் கொண்டு இருக்கும். அதைத் தூங்க வைப்பது ஒரு காவல் புரதம். ரெப் அந்தக் காவல் புரதத்தைப் பிடித்து ஒதுக்கி விட்டு, இயந்திரத்தை எழுப்பி விடுகிறது. இதே குடும்பத்துக் காவல் புரதம் மனிதர்களிடமும் உண்டு. அது கெட்டுப் போனால் குழந்தைகளுக்குக் கண்ணில் ஒரு வகைப் புற்று நோய் வருகிறது. செடியின் நோய்க்கும் மனிதனின் நோய்க்கும் எங்கெங்கோ உறவு இருக்கிறது!

“போதும்” என்று சொல்லும் சுவிட்சு

ரெப் உட்காரும் இடம் எது என்று கவனியுங்கள். அது ரெப் ஜீனுடைய சுவிட்சின் பக்கத்திலேயே இருக்கிறது.

ரெப் கொஞ்சமாக இருக்கும்போது சுவிட்சு திறந்து இருக்கும். மேலும் ரெப் உண்டாகும். ரெப் அதிகமானதும், அது தன் சுவிட்சின் மேலேயே உட்கார்ந்து அதை மூடி விடுகிறது. “எனக்குப் போதும்” என்று தானே சொல்லிக் கொள்கிறது. அதற்குள் “ஏ. சி. 2” என்ற மற்றொரு புரதம் தயாராகி, மேல் உறைக்கான சுவிட்சைத் திறந்து விடுகிறது. முதலில் நகல். பிறகு நகலுக்குச் சட்டை. பிறகு வெள்ளை ஈயின் வாய் வழியே அடுத்த செடிக்குப் பயணம்.

இந்த ஒழுங்கு எல்லாம் அந்தச் சின்னப் பகுதியில் இருந்து நடக்கிறது.

இதை உறுதி செய்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் வட கரோலினா மாகாணப் பல்கலைக் கழகத்தின் லிண்டா ஹான்லி-பவுடாயின் குழுவினர். அவர்கள் ஆராய்ந்தது தக்காளியில் பொன் நிறத் தேமல் உண்டாக்கும் ஜெமினி வைரஸை. பொதுப் பகுதியில் உள்ள எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சுவிட்சின் வேலை எவ்வளவு, நகலின் எண்ணிக்கை எவ்வளவு என்று அளந்தார்கள்.

நகலெடுப்புக்கு வேண்டிய அதே எழுத்துகள்தான் ஜீனை அடக்குவதற்கும் வேண்டும் என்று 1994-ல் தெரிவித்தார்கள். சுவிட்சுப் பகுதியின் குறிகள், நகலெடுப்பு எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதையும் தீர்மானிக்க உதவுகின்றன என்று 1997-ல் தெரிவித்தார்கள்.

இது செடி வைரஸ்களுக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. சுண்டெலிகளைத் தாக்கும் பாலியோமா என்ற வைரஸ் உண்டு. அதன் ஜீனை ஊக்கும் குறியை எடுத்து விட்டால் நகலெடுப்பும் நின்று போகிறது என்று 1984-லேயே கண்டார்கள். ஆக, சுவிட்சைத் தொட்டால் பெருக்கமும் ஆட்டம் காண்கிறது. கிளியின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்து விட்டது!

வம்பனில் பிடித்த கிருமி

தமிழ்நாட்டின் உளுந்தைத் தாக்கும் வைரஸ் எது? அதைப் பிடித்து ஆராய்ந்தவர்கள் மதுரை காமராஜர் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானி கே. வேலுத்தம்பியும் அவருடைய மாணவர்களும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பயறு வகைகளுக்கான ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த ஊரில் மஞ்சள் தேமல் கண்ட உளுந்தில் இருந்து வைரஸை எடுத்தார்கள். அதன் எழுத்துகளை முழுவதும் படித்தார்கள்.

ஆச்சரியம் காத்து இருந்தது. ஏ வளையம் ஒரே வகை. பி வளையமோ ஐந்து வகை! இந்த விவரம் 2004-ல் வெளி வந்தது. பி வளையங்களில் ஒரு வகை உளுந்தைக் கடுமையாகத் தாக்கியது. இன்னொரு வகை பச்சைப் பயறைக் கடுமையாகத் தாக்கியது. ஒரே திருடன், வீட்டுக்குத் தகுந்த சாவியை வைத்து இருப்பது போல!

இந்த வைரஸின் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன, எந்தப் புரதம் எதைத் திறக்கிறது என்ற முழு விவரத்தை மதுரை விஞ்ஞானிகளும் சுவிட்சர்லாந்தில் பாசல் நகர விஞ்ஞானிகளும் சேர்ந்து 2005-ல் வெளியிட்டார்கள்.

சுவிட்சுக்கே பூட்டு!

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2003-ல், இதே இரு நகரத்து விஞ்ஞானிகள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டு இருந்தார்கள். மிகாயில் பூகின், பி. வி. சிவபிரசாத், கே. வேலுத்தம்பி, தாமஸ் ஹோன் ஆகிய நால்வர் அதைச் செய்தவர்கள்.

செடிகளுக்கு ஒரு தற்காப்பு முறை உண்டு. சந்தேகமான எழுத்து வரிசை இரட்டை இழை ஆர். என். ஏ. வடிவில் வந்தால், செடி அதைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக் கொண்டு, அதே எழுத்துகள் உள்ள பொருளைத் தேடி அடக்கும். சில சமயம் டி. என். ஏ.யின் சுவிட்சுப் பகுதியில் “மெத்தில்” என்ற சிறு பூட்டைப் போட்டு விடும். பூட்டு விழுந்த சுவிட்சு வேலை செய்யாது.

விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தினார்கள். வைரஸின் பொதுப் பகுதியில் உள்ள இருபக்கச் சுவிட்சின் எழுத்துகளையே எடுத்தார்கள். அவை செடிக்குள் இரட்டை இழை ஆர். என். ஏ.யாக வரும்படி ஒரு டி. என். ஏ. செய்தார்கள். அதை நுண்துகள்களில் பூசி, துப்பாக்கி போன்ற கருவியால் உளுந்துச் செடிகளில் செலுத்தினார்கள். அந்தச் செடிகளில் ஏற்கெனவே மஞ்சள் தேமல் நோய் இருந்தது.

பல செடிகள் தேறின. புது இலைகள் பச்சையாக வந்தன!

வைரஸின் சொந்தச் சுவிட்சே அதைக் காட்டிக் கொடுத்தது. டி. என். ஏ. வைரஸையும் இந்த முறையால் அடக்கலாம் என்று காட்டிய சோதனை அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வைரஸும் சும்மா இருப்பது இல்லை. முன்பு பார்த்த ஏ. சி. 2 புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது செடியின் சொந்த ஜீன்கள் சிலவற்றைத் தூண்டி விட்டு, செடியின் தற்காப்பை மழுங்கச் செய்கிறது. 2005-ல் இதுவும் தெரிய வந்தது. பூட்டுப் போடுகிறவன் ஒருவன். பூட்டை உடைக்கிறவன் ஒருவன். இந்தப் போர் உளுந்து இலைக்குள் நடந்து கொண்டே இருக்கிறது.

இந்த முறையில் செய்த உளுந்து விதை இன்னும் கடைக்கு வரவில்லை. சோதனைச் சாலைக்கும் வயலுக்கும் நடுவில் தூரம் அதிகம்.

இப்போது என்ன செய்யலாம்?

“அதெல்லாம் சரி, ஐயா. என் வயலில் இப்போது மஞ்சள் விழுந்தால் என்ன மருந்து அடிப்பது?” என்று விவசாயி கேட்பார்.

நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்துக் கடையில் மருந்து கிடையாது. கிருமி, செடியின் சொந்த இயந்திரத்தைக் கொண்டே பெருகுகிறது. அதை அழிக்கும் மருந்து செடியையும் அழிக்கும். கடையில் விற்பது பூச்சியைக் கொல்லும் மருந்துதான். அது ஈயைக் குறைக்கும். செடிக்குள் போய் விட்ட கிருமியைத் தொடாது. ஆகவே வந்த பிறகு செலவு செய்வதைவிட வரும் முன் காப்பதே லாபம்.

முதல் காப்பு, விதை. மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்கள் இருக்கின்றன. வம்பன் மையம் 2016-ல் தந்த “வம்பன் 8” அவற்றில் ஒன்று. கிருமியை ஆராய்ச்சிக்குக் கொடுத்த ஊரே அதைத் தாங்கும் விதையையும் கொடுத்து இருக்கிறது! நெல் தரிசுக்கு எந்த ரகம் ஏற்றது என்று விதை வாங்கும் முன் கேட்டுக் கொள்வது நல்லது. நோய் விழுந்த வயலில் எடுத்த விதையை மறு ஆண்டுக்கு வைத்துக் கொள்ளாமல் இருப்பதும் நல்லது.

இரண்டாவது காப்பு, கண். விதைத்த முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறையாவது வயலைச் சுற்றி வர வேண்டும். எங்கேயாவது ஒன்றிரண்டு செடி மஞ்சளாகத் தெரிந்தால் உடனே பிடுங்கி எடுத்து, வயலுக்கு வெளியே புதைத்து விட வேண்டும். ஒரு மஞ்சள் செடி இருந்தால் போதும். அங்கிருந்து ஈ கிருமியை எடுத்துக் கொண்டு பக்கத்துச் செடிக்குப் போகும். பக்கத்துச் செடியில் இருந்து பக்கத்து வயலுக்குப் போகும்.

மூன்றாவது காப்பு, ஈயைப் பிடிக்கும் பொறி. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். மஞ்சள் அட்டையில் பசை தடவி ஏக்கருக்கு ஐந்து வீதம் நட்டு வைத்தால் ஈ வந்து ஒட்டிக் கொள்ளும். செலவு குறைவு. ஈ எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்து விடும். அட்டையில் ஈ அதிகம் தெரிந்தால் மட்டும் வேளாண்மை அதிகாரியைக் கேட்டுக் கொண்டு மருந்து தெளிக்கலாம். ஒரே மருந்தை மறுபடி மறுபடி தெளித்தால் அதைத் தாங்கிக் கொள்ளும் ஈக்கள்தான் மிஞ்சும். பிறகு எந்த மருந்தும் பலிக்காது.

நான்காவது காப்பு, வரப்பு. வரப்பில் உள்ள களைகள் வெள்ளை ஈக்கு வீடு. வரப்பு சுத்தமாக இருந்தால் ஈக்குத் தங்க இடம் இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒரு வயலில் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். ஈக்கு எல்லைக் கல் தெரியாது. அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து செய்தால் முழுப் பலன்.

சந்தேகம் வந்தால் கேட்பதற்கும் இடம் தூரத்தில் இல்லை. காரைக்கால் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி 1987-ல் தொடங்கப்பட்டது. காரைக்காலில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. நோய் கண்ட இலையைக் கொண்டு போய்க் காட்டினால், உரக் குறைவா, தேமலா என்று சொல்லி விடுவார்கள்.

ஒரே ரகத்தை நம்பக் கூடாது

கடைசியாக ஒரு விஷயம். நோயைத் தாங்கும் ரகம் எப்போதும் தாங்கிக் கொண்டே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே செடிக்குள் இரண்டு விதமான ஜெமினி வைரஸ்கள் புகுந்தால், அவற்றின் வளையங்கள் ஒன்றோடு ஒன்று எழுத்துகளை மாற்றிக் கொள்வது உண்டு. அப்படி மாற்றிக் கொள்வது அடிக்கடி நடக்கும் இடம் எது தெரியுமா? நகலெடுப்பு தொடங்குகிற அதே பொதுப் பகுதிதான்! அங்கிருந்து புதுக் கிருமி பிறக்கலாம். நேற்றுத் தாங்கிய விதை நாளை தாங்காமல் போகலாம்.

ஆகவே புதுப் புது ரகங்களைத் தேடும் வேலை நிற்பது இல்லை. அந்த 200 எழுத்துகளைப் படிக்கும் ஆராய்ச்சியும் நிற்பது இல்லை. கிருமியின் சுவிட்சு எப்படி மாறுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த விதையை எப்படித் தயார் செய்வது என்று தெரியும்.

தை பிறக்கும் முன்பே கோட்டுச்சேரி விவசாயி விதை வாங்கப் போகிறார். ஏக்கருக்கு 10 கிலோ விதைதான். அதை வாங்கும்போது “இது மஞ்சள் தேமலைத் தாங்குமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், மாசியில் வயல் பச்சையாக நிற்கும்.